அண்ணி பக்கம் எரியாத அடுப்பு

மனிதன் முதல் இயந்திரத்தைச் செய்த நாளிலிருந்து இன்றுவரை எந்த இயந்திரமும் தானாகக் கெட்டுப்போனதில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கெடுத்திருக்கிறார். கெடுத்தவர் அதை மறைத்திருக்கிறார். மறைத்தவரின் வாயிலிருந்து அதைப் பிடுங்குவதுதான் பழுதுபார்க்கும் கலை. மற்றதெல்லாம் ஸ்க்ரூடிரைவர் வேலை.

இந்த விதியை வகுத்தவன் என் அண்ணன். பிரிண்டர் விற்கிற கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரில் ஒருவன். ஏழு வருடங்களில் ஒரு பிரிண்டரைக்கூடக் கையால் தொட்டதில்லை, ஆயிரக்கணக்கில் சரிசெய்திருக்கிறான். எடுத்த புகாரை முடித்து வைக்கிற வேகத்தைப் பார்த்து அலுவலகத்தில் அவனுக்கு ‘மூடுவிழா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

இரவுச் சாப்பாட்டின்போது அன்றைக்குக் கேட்ட பொய்களை எங்களுக்குப் பரிமாறுவான். பிரிண்டருக்குள் டீயைக் கொட்டிவிட்டு, மழைக்காலம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம் என்று சொன்னவர் ஒருவர். அந்த ஈரத்தில் சர்க்கரை எப்படி வந்தது என்று அண்ணன் கேட்டானாம். காகிதம் சிக்கிக்கொண்டதும் முள்கரண்டியை விட்டுக் குடைந்த தலைமையாசிரியர் ஒருவர், கரண்டி உள்ளே இருப்பது தெரிந்த பிறகும், அது கம்பெனியிலேயே வைத்து அனுப்பியதாக இருக்கலாம் என்றாராம். இவர்கள் எல்லாருடைய குரலையும் அண்ணன் பேசிக் காட்டுவான். எல்லாக் குரலும் நன்றாக ஆரம்பித்து, போகப்போகத் தாழ்ந்து, கடைசியில் மூக்கு வழியாக வெளியேறும். அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அண்ணி மட்டும் ஒருநாள், அவர்களுக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்றார். வெட்கப்படுகிறவன் கொட்டுகிறபோதே பட்டிருக்க வேண்டும் என்று அண்ணன் தீர்ப்பு வழங்கினான்.

இனி அடுப்புக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு பர்னர் அடுப்பு. அம்மாவுக்கு இரண்டு கை, அடுப்புக்கு இரண்டு பர்னர். கணக்கு சரியாக இருந்தது. அண்ணி கல்யாணமாகி வந்த பிறகு எட்டு மாதம் காய் நறுக்கினார். அவருக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் தன் மதியச் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ள ஆசைப்பட்டார். ஆனால் அம்மாவின் இரண்டு பர்னரிலும் எப்போதும் ஏதாவது இருக்கும். எதுவும் இல்லாதபோது வெந்நீர் இருக்கும். அம்மா வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “இதோ இறக்கிடுறேம்மா” என்பார். இறக்கும்போது மணி ஆறே முக்கால் ஆகியிருக்கும்.

அண்ணி சண்டை போடவில்லை. போனஸ் வந்த அன்று நாலு பர்னர் வைத்த கண்ணாடி அடுப்பு ஒன்றை வாங்கி வந்துவிட்டார். திருகை அழுத்தித் திருப்பினால் டிக் டிக் என்று பொறி பறந்து தானே பற்றிக்கொள்கிற அடுப்பு. அம்மா அதை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

“நல்லாத்தாம்மா இருக்கு. ஒரு மாசம் பாப்போம். ஒத்து வரலன்னா பழசை இறக்கிக்கலாம், என்ன?”

பழைய அடுப்பு யாருக்கும் போகவில்லை. பழைய போர்வையில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போனது. அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புது அடுப்பில் எல்லைக்கோடு எதையும் யாரும் போடவில்லை. ஆனால் முதல் நாளே இடது பக்கத்து இரண்டும் அம்மாவுக்கு, வலது பக்கத்து இரண்டும் அண்ணிக்கு என்று ஆகிவிட்டது. அம்மாவின் கரண்டி கோட்டைத் தாண்டாது. அண்ணியின் மூடி இந்தப் பக்கம் வராது. வேறு ஊரில் வேலை பார்க்கிற அப்பா மாதம் ஒருமுறை வந்து, இரண்டு பக்கத்திலும் சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள் அண்ணி வெறும் முட்டைதான் வேகவைத்தார். அது வேகிற வரைக்கும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். காய் நறுக்குகிறவரால் அப்படி நிற்க முடியாது.

அவரவர் பக்கத்தை அவரவர் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் அதே போலத் தானாக வந்த சட்டம். அம்மா தன் பக்கத்தைச் சமைத்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒரு துடை துடைப்பார், அவ்வளவுதான். அண்ணி பக்கத்தை முதலில் அண்ணி துடைத்தார்; இரண்டு வாரம் போனதும், அண்ணிக்குத் தெரிந்து, அம்மாவுக்குத் தெரியாமல், அண்ணன் சுத்தம் செய்தான்.

இதில் கொஞ்சம் விளக்கம் தேவை. அம்மாவின் வளர்ப்பில் அண்ணன் தான் குடித்த டம்ளரைக்கூடத் தூக்கி வைத்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தூக்கி வைக்க ஆரம்பித்தால் அது எந்த மாதிரிச் செய்தியாக ஹாலில் இருக்கும் அம்மாவுக்குப் போகும் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே சாப்பாடு முடிந்து அம்மா பெரியம்மாவுக்குப் போன் போடுகிற அரை மணி நேரத்தில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஆபீஸ் கால், அந்த அறையில்தான் சிக்னல் நன்றாக வருகிறது. ஒருமுறை தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, வலது பக்கத்து பர்னர் மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே, “சொல்லுங்க சார், கேக்குது சார்” என்று யாரும் இல்லாத ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தான். கழுவிய மூடிகளை உதறி அப்படியே அடுப்பில் பொருத்தினான். யாரிடமும் சொல்லாதே என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் அடுப்பு கெட்டது. முழுதாகக் கெட்டிருந்தால் பரவாயில்லை. வலது பக்கம் மட்டும் கெட்டது; அதுவும் காலையில் மட்டும்.

ஐந்தே முக்காலுக்கு அண்ணி திருகை அழுத்துவார். டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். கேஸ் வரும், வாசனையும் வரும், தீ வராது. ஜன்னலைத் திறந்து, வாசனை போகும் வரை காத்திருந்து, தீக்குச்சி கிழித்துப் பற்றவைப்பார். பதினொரு மணிக்கு அம்மா அதே திருகைச் சந்தேகத்தோடு ஒரு விரலால் திருப்பினால், முதல் டிக்கிலேயே குப்பென்று எரியும். மாலையில் அண்ணி வேலையிலிருந்து வந்ததும் அம்மா இதைச் சொல்வார். குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் கிடையாது. ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவரிடம் சொல்கிற கவலைதான்.

“எனக்கு எரியுதும்மா. உனக்கு மட்டும் ஏன் இப்படின்னு தெரியல. இந்த மாதிரி அடுப்புங்க ஆள் பாக்கும்போல.”

ஒரு நாள் இப்படி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்பது நாள் இப்படியே நடந்தது. அண்ணி திருகுகிறபோது அம்மா பக்கத்தில் வந்து நின்று அவர் விரலைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மாதம் முடிய இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. பரணில் இருப்பதை ஞாயிறு ஒன்பது மணிக்கு இறக்கித் தரும்படி அம்மா என்னிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். இறங்கினால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பர்னர், இரண்டிலும் அம்மா, அண்ணி மறுபடி காய் நறுக்குவார், இந்த முறை ஆயுளுக்கும்.

வெள்ளிக்கிழமை அண்ணி அண்ணனிடம் சொன்னார். தனக்காக இதுவரை எதுவும் கேட்டதில்லை என்றும், இந்த அடுப்பை மட்டும் எப்படியாவது சரிசெய்து கொடுக்கும்படியும் கேட்டார். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆயிரம் பிரிண்டர் பார்த்தவனுக்கு ஓர் அடுப்பா என்றான். சனிக்கிழமை விடுமுறை, பார்த்துவிடலாம் என்றான்.

சனிக்கிழமை அவன் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, அடுப்பின் முன் நின்றபோது மணி பதினொன்றரை. திருகை அழுத்தினான். எரிந்தது. அணைத்து மறுபடி அழுத்தினான். எரிந்தது. இருபது முறை செய்து பார்த்து, இருபதுக்கு இருபது என்று ஒரு தாளில் எழுதினான். அன்று அண்ணிக்கு அரை நாள் வேலை. இரண்டு மணிக்கு வந்தவரிடம் தாளைக் காட்டினான்.

“அடுப்புல ஒண்ணும் இல்ல. அழுத்துறதுலதான் இருக்கு. நீ சட்டுனு விட்டுடுற. அழுத்தி, மூணு வரைக்கும் எண்ணிட்டு விடணும்.”

அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எண்ணினேன். முப்பது வரைக்கும்.”

வேலை நேரம் முழுக்க மாத்திரை எண்ணுகிற ஒருவருக்கு எண்ணத் தெரியவில்லை என்று அண்ணன் எந்தத் துணிச்சலில் சொன்னானோ தெரியாது. அண்ணி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு பழுது பயனாளர் செய்வதுதான், இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவன் என்னிடம் கேட்டான். நான் வரலாறு படிக்கிறவன். இப்படிக் கேட்ட அரசர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும் என்பதால் பேசாமல் இருந்தேன்.

ஆனால் அவனுக்குள்ளும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அன்றைய ஆபீஸ் கால் ஒரு மணி நேரம் நீடித்தது. மூடிகளை மட்டுமல்ல, அவை உட்காரும் கிண்ணம், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் பொதிந்த பொறிக்கம்பி எல்லாவற்றையும் சோப்பு நுரை பொங்கத் தேய்த்தான். மனைவி முகம் அப்படி வாடியிருக்கும்போது ஒருவன் வேறென்னதான் செய்வான்?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவனே எழுந்து வந்தான். வீடே சமையலறையில் கூடியிருந்தது. அம்மா கொடுத்த ஒரு மாதத்தின் கடைசி நாள் என்பதால் அம்மா சற்று நன்றாகவே தலை வாரியிருந்தார். அண்ணன் வலது பக்கத்துத் திருகை அழுத்தி மூன்று வரை எண்ணினான். டிக் டிக் டிக். பத்து வரை எண்ணினான். முப்பதைத் தாண்டியபோது வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டான். அண்ணி ஜன்னலைத் திறந்தார்.

பிறகு நடந்ததை அவன் ஆராய்ச்சி என்றான். சிலிண்டரைத் தூக்கிக் கனம் பார்த்தான். ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினான். பர்னர் ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தினான். அடுப்புக்கு அடியில் இருந்த பேட்டரியை எடுத்துவிட்டு, என் அறைக் கடிகாரத்தின் பேட்டரியைப் போட்டான். கடிகாரம் நின்றது, அடுப்பு எரியவில்லை. இடது பக்கம் மட்டும், தொட்ட நொடியில், அம்மாவுக்கு மரியாதை செய்வதுபோல் எரிந்தது.

கடைசியில் தன் தொழிலுக்கே திரும்பினான். எங்கள் மூன்று பேரையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தான்.

“யாரையும் குத்தம் சொல்லல. உண்மையச் சொன்னா சீக்கிரம் முடியும். யாராவது அதுல பால், தண்ணி, எதாச்சும் கொட்டினீங்களா?”

அம்மா தன் பக்கம்தான் எரிகிறதே என்றார். அண்ணி இல்லை என்றார். நானும் இல்லை என்றேன். கேட்டது கொட்டினேனா என்று. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சாட்சியின் கடமை. தவிர, ஈரத்துக்கும் பொறிக்கும் உள்ள பகை அப்போது எனக்குத் தெரியாது. அண்ணன் தன்னை விசாரித்துக்கொள்ளவில்லை. மறைத்தான் என்று சொல்லமாட்டேன். தான் கழுவியது அவன் நினைவுக்கே வரவில்லை. அன்பாகச் செய்த காரியத்துக்குப் புகார்ப் படிவத்தில் கட்டம் கிடையாது.

மணி எட்டே முக்கால். அம்மா என்னைப் பார்த்தார். நான் ஏணியைக் கொண்டுவந்து பரணுக்கு நேராகச் சாத்தினேன்.

அண்ணி எழுந்துபோய் அடுப்போடு வந்த அட்டையைத் தேடி எடுத்தார். அதிலிருந்த புகார் எண்ணைத் தன் போனில் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, அண்ணன் முன்னால் மேசையில் வைத்தார்.

“நீங்களே பேசுங்க. உங்க பாஷை உங்களுக்குத்தான் புரியும்.”

கொஞ்ச நேரம் இசை வந்தது. பிறகு ஒரு பெண் குரல். எங்கள் புகார் அவர்களுக்கு முக்கியம் என்றது. அண்ணன் வாயிலிருந்து தினமும் ஐம்பது முறை வருகிற வாக்கியம். அதைக் கேட்டு அவன் முகம் போன போக்கை நான் ரசித்தேன். பேட்டரி பார்த்தீர்களா என்று கேட்டது. பார்த்தேன் என்றான். சிலிண்டர் திறந்திருக்கிறதா என்று கேட்டது. தனக்கும் இதே வேலைதான், முட்டாளைக் கேட்பதுபோலக் கேட்க வேண்டாம் என்றான். அந்தப் பெண் கோபிக்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டார். வலது. எந்த நேரத்தில்? காலையில். மத்தியானம் எரிகிறதா? எரிகிறது. அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

“சார், ராத்திரி யாராவது அந்தப் பக்கத்து பர்னரைக் கழுவுறாங்களா?”

அண்ணன் வாயைத் திறந்தான். திறந்தபடியே வைத்திருந்தான். ஒன்பது நாள் காலை, இருபதுக்கு இருபது எழுதிய தாள், முப்பது வரை எண்ணிய மனைவி எல்லாம் வரிசையாக அவன் நெற்றியில் ஏறுவதை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பார்க்க முடிந்தது. அண்ணி அவனையே பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அம்மா யாரையும் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மேடம். எங்க வீட்ல யாரும் கழுவுறதில்ல.”

“சரி சார். கழுவலன்னே வச்சுப்போம். சிலிண்டரை மூடிட்டு, அந்தக் கழுவாத மூடியைக் கழட்டிக் கவுத்துப் பாருங்க.”

அண்ணன் போனோடு அடுப்படிக்குப் போனான். நாங்கள் பின்னாலேயே போனோம். மூடியைக் கழற்றிக் கவிழ்த்தான். கழுவாத மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணாடியின் மேல் விழுந்த மூன்று சொட்டும் லேசாக நுரைத்தன.

போன் மட்டும் பேசியது. சில வீடுகளில் அப்படித்தான் ஈரமாகிவிடும், அதனால் பொறி கம்பியிலேயே தங்கிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை, துணியால் துடைத்து, நன்றாக உலரவைத்து மாட்டினால் போதும் என்றது. எத்தனை பேரை இப்படிக் காப்பாற்றியிருப்பார் அந்தப் பெண் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி அறைக்குப் போய்த் தலை உலர்த்துகிற டிரையரைக் கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு குனிந்து நின்று, பர்னருக்கும் பொறிக்கம்பிக்கும் சூடான காற்றைக் காட்டினான். ஐந்து நிமிடம். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரிதான் செய்தான்.

அம்மா அவன் முதுகைப் பார்த்தபடி கேட்டார்.

“ராத்திரியில சிக்னல் இங்கதான் நல்லா வருது, இல்லடா?”

டிரையர் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. காதுமடல்கள் மட்டும் சிவந்தன.

டிரையரை அணைத்தான். மூடிகளை மாட்டி, சிலிண்டரைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். அண்ணி முன்னால் வந்து திருகை அழுத்தினார். முதல் டிக்கில் நீலமாக எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. அவருக்கு எண்ணவே தேவைப்படவில்லை. பால் பாத்திரத்தை ஒன்றில் வைத்து, இன்னொன்றைச் சும்மா எரியவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மா பக்கத்தில் வந்து நின்றார். இந்த முறை விரலைப் பார்க்கவில்லை.

“நீ சரியாத்தாம்மா அழுத்தியிருக்க.”

சொல்லிவிட்டு, இனி அதிலேயே சமை என்பதுபோல் தலையை அசைத்தார். பிறகு என்னிடம், வழியில் நிற்கிற அந்த ஏணியை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார். யாராவது முட்டிக்கொள்வார்கள் என்றார். நான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணி பால் பொங்குவதற்கு முன்பே தீயைக் குறைத்தார். கணவனைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டார்.

போன் இன்னும் உயிரோடுதான் இருந்தது. எரிகிறதா சார் என்று கேட்டது. எரிகிறது என்றான் அண்ணன். மகிழ்ச்சி என்றது. புகாரை முடிக்க வேண்டும், காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, என்ன எழுதட்டும் என்றது.

அந்தக் கட்டத்தை அவனுக்கு ஏழு வருடமாகத் தெரியும். அதில் எழுத வேண்டிய ‘பயனாளர் தவறு’ என்ற இரண்டு வார்த்தைகளை அவன் ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கிறான். போனை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். ஏணியோடு அந்த வழியாகப் போனதால் எனக்குக் கேட்டது. குரல் நன்றாகத்தான் ஆரம்பித்தது. போகப்போகத் தாழ்ந்தது.

“நாங்க ஒண்ணுமே பண்ணல மேடம்... இந்தப் பக்கமெல்லாம் காத்துல கொஞ்சம் ஈரம் ஜாஸ்தி.”